ஏரியூர் முயலுக்கு எந்தப் பஞ்சாங்கம்?

ஏரியூர்க் கடைத்தெருவிலோ, நாகமரை போகும் சாலையோர வேலியிலோ வெள்ளை முயல் ஒன்று தனியாகத் திரிந்தால், அது காட்டிலிருந்து இறங்கி வந்ததல்ல. நம் காட்டில் வெள்ளை முயல் கிடையாது. பென்னாகரம் வட்டத்துக் கரடுகளிலும் மானாவாரிக் கொல்லைகளிலும் ஓடுவது கறுப்புப் பிடரி முயல். செம்பழுப்பு உடம்பு, பிடரியில் கறுப்புத் திட்டு, நீண்ட பின்னங்கால். அது வளை தோண்டாது. புதரடியில் உடம்பை அமுக்கிக்கொண்டு படுத்திருக்கும். அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூண்டில் வளர்கிற முயல் வேறு சாதி. அதன் மூதாதையர் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்து வளைவாசிகள். அதன் குட்டி கண் மூடி, மொட்டை உடம்போடு பிறக்கும். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், கூண்டு முயலுக்கு 44. இரண்டும் கலந்து குட்டி போடுவதில்லை. பழுப்பு நிறக் கூண்டு முயலைப் பார்த்து யாருக்காவது சந்தேகம் வந்தால் பிடரியைப் பார்க்கட்டும். ஆளைக் கண்டதும் கண்மண் தெரியாமல் பாய்கிறதா, கீரைக்கட்டை நீட்டினால் மூக்கை அசைத்துக்கொண்டு கிட்டே வருகிறதா என்பதும் பாதி விடை சொல்லிவிடும்.

இந்த வேறுபாடு தெரியாமல் முயலைத் தூக்கக் கூடாது. காட்டு முயல் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது; பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். அதன் குட்டி கொல்லையில் தனியாகக் கிடந்தாலும் அநாதை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தாய் பகலெல்லாம் ஒதுங்கியிருந்து இருட்டும் வேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவதுதான் அந்த இனத்தின் வழக்கம். இரக்கப்பட்டு எடுத்து வருகிறவர் உண்மையில் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார். கூண்டு முயலின் கதை நேர் எதிரானது. அது தெருவில் இருந்தால் யாரோ விட்டிருக்கிறார்கள், அல்லது கூண்டு திறந்து கிடந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் விசாரித்தும் உரியவர் வரவில்லையென்றால் அதை எடுத்து வளர்ப்பதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. சிக்கல் விட்டுவிட்டுப் போனவருக்குத்தான்: பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் என்பதைச் சொன்னால், சட்டத்தை நம்பி முயல் பிழைக்காது என்பது விளங்கும்.

எடுத்து வந்த முயல் மறுபடியும் தெருவுக்குப் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று: முடி கொட்டுவது. ஒரு நாள் காலையில் கூண்டு முழுக்கப் பஞ்சாகக் கிடக்கிறது. கையை வைத்தால் கொத்தாக வருகிறது. வீட்டில் ஒருவர் சொறி என்கிறார், இன்னொருவர் குழந்தைக்கு மூச்சிரைப்பு வரும் என்கிறார், மூன்றாமவர் நாய்க்கு வாங்கிய மருந்தை எடுத்து வருகிறார். இணையத்தில் தேடினால், முயல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை முடி மாற்றும் என்று சொல்கிறது. ஏரியூரில் வசந்தம் எந்த மாதம்? கணக்கு ஒத்துவராததால் நோய்தான் என்று முடிவாகிறது. அந்தப் பஞ்சாங்கம் வேறு ஊருக்கு எழுதியது. நம் ஊரில் முயலின் முடி உதிர்வை மாதத்தை வைத்துக் கணிக்க முடியாது. தோலையும் புழுக்கையையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதுதான் பிரச்சினை.

முயலின் முடிக்குக் கட்டளை கொடுப்பது முதலில் வெயில் அல்ல, பகலின் நீளம். கண் வழியாக உள்ளே போகும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு மூளையிலுள்ள பினியல் சுரப்பி இருட்டு நேரத்தில் மெலடோனின் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரப்பும் நீளும். இரவு சுருங்கினால் அதுவும் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கம் வேறு சில ஹார்மோன்கள் வழியாக முடிக்குழிக்குப் போய்ச் சேர்ந்து, வளர்வதா, ஓய்வதா, பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியதை எடுப்பதா என்று தீர்மானிக்கிறது. வட அமெரிக்காவின் பனிமுயல் கோடையில் பழுப்பாகவும் பனிக்காலத்தில் வெள்ளையாகவும் மாறுவது இதே கணக்கில்தான். இப்போதெல்லாம் பனி தாமதமாக விழுந்தாலும் பகல் சுருங்கியதும் அது வெள்ளைக்கு மாறிவிடுகிறது. வெற்றுப் பழுப்புத் தரையில் வெள்ளை உடம்போடு நின்று இரையாகிறது. தட்பவெப்பத்தைவிடப் பகலின் நீளத்தை அது எவ்வளவு நம்புகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் கூண்டு முயலின் தாயகத்தை எடுத்துக்கொள்வோம். மத்ரித் நகரில் ஜூன் மாதத்து நீண்ட பகல் சுமார் 15 மணி நேரம். டிசம்பரின் குறுகிய பகல் சுமார் ஒன்பதே கால் மணி. வித்தியாசம் ஆறு மணி நேரத்தை நெருங்குகிறது. லண்டனில் அது ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். ஏரியூர் இருப்பது வட அட்சம் 12 பாகையை ஒட்டி. இங்கே ஜூனின் நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம், டிசம்பரின் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 25 நிமிடம். ஆண்டு முழுவதும் பார்த்தாலும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூட முழுசாக வராது. ஐரோப்பாவில் உரக்கக் கேட்கும் கட்டளை இங்கே முணுமுணுப்பாகத்தான் வந்து சேர்கிறது. முயல் அதைக் கேட்காமல் இல்லை, தெளிவாகக் கேட்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். வித்தியாசம் குறைவு என்பதால் பருவமே இல்லை என்றாகுமா? நம் ஊர் ஆடுமாடுகளும் பறவைகளும் காலம் பார்த்துத்தானே நடக்கின்றன? உண்மைதான். பகல் நீளம் சொல்லத் தவறியதை மற்றவை சொல்கின்றன. ஏப்ரல், மே மாதத்து வெக்கை, மழைக்குப் பின் வருகிற பசுந்தீனி, மார்கழிப் பனி எல்லாமே உடம்பைத் தொடுகின்றன. அதோடு, வீட்டுக்குள் கூண்டு இருந்தால் இரவு பத்து, பதினொரு மணி வரை குழல்விளக்கு எரிகிறது. சூரியன் ஆண்டு முழுக்கக் காட்டும் வித்தியாசத்தைக் காட்டிலும் பெரிய வித்தியாசத்தை வீட்டு விளக்கு ஒரே நாளில் காட்டிவிடுகிறது. அதனால் நம் வீட்டு முயலின் முடி ஒரே வீச்சில் இரண்டு தடவை மாறாமல், துண்டு துண்டாக, ஒரு மாதம் முதுகில், இன்னொரு மாதம் தொடையில் என்று மாறுவதில் வியப்பில்லை. ஒரே கூண்டில் இரண்டு முயல் இருந்தால் ஒன்று கொட்டும், மற்றது பளபளவென்று நிற்கும். முயல் எங்கிருந்து வந்தது என்பதும் கணக்கில் சேரும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965 முதல் இயங்கும் மத்திய செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வளர்த்துப் பரப்பிய இடம். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக் குளிரில் பிறந்த முயலுக்கும் காவிரிக்கரை வெக்கையில் பிறந்த முயலுக்கும் தோல் மேல் இருக்கும் கம்பளி ஒன்றாக இருக்காது.

மாதம் உதவாதென்றால் எதைப் பார்ப்பது? முடியை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். இயல்பான உதிர்வில் பழைய முடி போகும் இடத்தில் புதிய முடி ஏற்கெனவே முளை விட்டிருக்கும். பெரும்பாலும் தலையில் தொடங்கிக் கழுத்து, முதுகு என்று பின்னோக்கிப் போய், விலாவுக்கு இறங்கி, வயிறும் பின்புறமும் கடைசியாக மாறும். பழசும் புதுசும் சந்திக்கும் இடத்தில் வரப்பு வெட்டியதுபோல ஒரு கோடு தெரியும். விரலால் தடவினால் ஒரு பக்கம் மங்கி, உலர்ந்து, கொத்தாகக் கழன்று வரும். மறுபக்கம் குட்டையாக, நெருக்கமாக, மினுமினுப்பாக இருக்கும். பழுப்பு, கறுப்பு முயல்களில் புதிய முடி கிளம்பும் இடத்துத் தோல் நீலம் பாய்ந்த கறுப்பாகத் தடித்துக் காணும். அடிபட்டுக் கன்றிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. கன்றலே அல்ல, முடிக்குழியில் நிறம் ஏறுகிறது. வெள்ளை முயலில் இந்தத் திட்டு தெரியாது. மூக்கும் காதும் மட்டும் கறுத்த ஹிமாலயன் வகை முயலென்றால் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம். அந்தக் கறுப்பு குளிர்ந்த தோலில் மட்டுமே ஊறும் நிறம். வெயில் காலத்தில் முளைக்கும் புதிய முடி வெளுத்தும், குளிர்காலத்து முடி கறுத்தும் வரும். முடி உதிர்ந்து நிறமும் மாறினால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? முழு மாற்றமும் இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை இழுக்கலாம். அவ்வளவு நாளும் முயல் வழக்கம்போலத் தின்னும், குதிக்கும், சொறிந்துகொண்டே இருக்காது.

நோய் வேறு முகத்தோடு வரும். சொறி உண்ணி பிடித்தால் முடி முதுகில் கொட்டுவதற்கு முன்பே மூக்கு நுனியிலும் காது ஓரத்திலும் நகக்கண்ணிலும் சாம்பல் பூசினதுபோல் பொருக்கு கட்டும். காது உண்ணி என்றால் காதுக்குள் பழுப்புப் பொருக்கு அடை அடையாக இருக்கும். முயல் தலையை உதறிக்கொண்டே நிற்கும். படர்தாமரை வட்ட வட்டமாக மொட்டையாக்கும். அது ஆளுக்கும் ஒட்டும், குழந்தையின் கையில் வளையம் எழும்போதுதான் பலருக்குத் தெரியவரும். தெருவிலிருந்து வந்த முயலிடம் இவற்றில் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்ப்பதே புத்திசாலித்தனம். ஆகவே வீட்டில் வேறு முயல் இருந்தால் வந்ததைச் சில வாரங்கள் தனிக் கூண்டில் வைக்க வேண்டும். சொறிக்குக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துப் போடும் ஐவர்மெக்டின் நன்றாகக் கேட்கிறது. செய்யக் கூடாதது, நாய்க்கும் பூனைக்கும் உண்ணி போக வாங்கிய ஃபிப்ரோனில் மருந்தை முயல் மேல் தெளிப்பது. நாய்க்கு நல்ல மருந்து, முயலைக் கொன்றுவிடும். வீட்டில் மீந்த அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் அப்படியே: குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, நஞ்சு சுரக்கும் வகைகள் பெருகி, சில நாளில் முயல் போய்விடும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது நோயும் இல்லை, பருவ மாற்றமும் இல்லை. பெண் முயல் குட்டி போடுவதற்கு ஓரிரு நாள் முன்னால் மார்பிலும் வயிற்றிலுமிருந்து தன் முடியைத் தானே பிடுங்கிப் படுக்கை போடும். சினைக்காலம் 31 நாள். தெருவில் கிடைத்தது பெண்ணாக இருந்தால் அந்த ஒரு மாதம் முடியும் வரை அதைச் சினை முயலாகவே வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. உண்மையில் பல முயல்கள் தெருவுக்கு வருவதே இந்தக் கணக்குத் தெரியாததால். வாரச்சந்தையில் ‘ரெண்டும் பொட்டைதான்’ என்று சொல்லிக் கொடுத்த ஜோடி, நாலைந்து மாதத்தில் பத்தாகிவிடும். குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினை பிடிக்கும். கூண்டு கொள்ளாமல் போகும்போதுதான் கதவு ‘தற்செயலாக’த் திறந்துகொள்கிறது.

இனி புழுக்கைக்கு வருவோம். என் பார்வையில் தோலைவிட இதுதான் பெரிய விஷயம். முயல் நாள் முழுக்கத் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். முடி கொட்டும் காலத்தில் அந்த முடியெல்லாம் வயிற்றுக்குள் போகிறது. பூனை அதைக் கக்கிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது; போனது பின்வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முன்பெல்லாம் முடி உருண்டை அடைத்துக்கொண்டு முயல் சாகிறது என்று சொல்லி வந்தார்கள். இப்போது கால்நடை மருத்துவர்கள் கதையைத் திருப்பிச் சொல்கிறார்கள்: ஆரோக்கியமான முயலின் வயிற்றிலும் முடி இருக்கிறது, நார்ச்சத்துள்ள தீனியோடு நகர்ந்து வெளியேறிவிடுகிறது. குடலின் அசைவு முதலில் குறைகிறது. அதன் பிறகுதான் முடி தேங்குகிறது. நார் இல்லாத தீனி, தண்ணீர்க் குறைவு, வலி, பயம், வெக்கை ஆகியவைதான் அசைவை நிறுத்துகின்றன. இதற்கான முன்னறிவிப்பு கூண்டுத் தரையிலேயே கிடக்கும். நல்ல புழுக்கை ஒரே அளவில், உருண்டையாக, உதிரியாக இருக்கும். உடைத்தால் புல் தூளாக உதிரும். முடி அதிகம் போய்விட்டால் இரண்டு மூன்று புழுக்கைகள் ஒரே முடியில் பாசிமணி கோத்ததுபோல் தொங்கும். அது எச்சரிக்கை மட்டுமே. நார்த்தீனியும் தண்ணீரும் கூட்டி, நாளுக்கு ஒருதரம் சீவிவிட்டால் சரியாகும். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்தால் கவலைப்பட வேண்டும். இரவு வைத்த தீனி காலையிலும் அப்படியே இருந்து, புழுக்கையும் விழவில்லையென்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் ஆகாது. அன்னாசிச் சாறும் பப்பாளியும் முடியைக் கரைக்கும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. முடி கெரட்டினால் ஆனது, அந்தப் பழ நொதிகள் அதைக் கரைப்பதில்லை. கிடைக்கிற பயன் சாற்றிலுள்ள தண்ணீரால். கூடவே கிடைக்கிற சர்க்கரை குடலுக்குக் கெடுதல்.

நார்த்தீனி விஷயத்தில் ஏரியூர்க்காரர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. நகரத்தில் முயல் வளர்ப்பவர்கள் பாக்கெட்டில் வரும் வெளிநாட்டு உலர்புல்லுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். தருமபுரி மாவட்டம் கேழ்வரகும் சாமையும் சோளமும் விளையும் மண். களத்து மேட்டில் கிடக்கும் ராகித்தாள் நல்ல நார். வரப்பு அருகம்புல்லும் கரட்டுக் கொழுக்கட்டைப்புல்லும் காய வைத்தால் முயலுக்கு அன்றாடச் சோறாகும். எப்போதும் கூண்டில் கிடக்க வேண்டியதும் அதுதான். ஆனால் முடி கெரட்டின், கெரட்டின் புரதம். புது முடி எடுக்கும் வாரங்களில் வெறும் தாளை மட்டும் போட்டால் முடி கோரையாக வரும், முயலும் மெலியும். அப்போது மல்பெரி இலை கைகொடுக்கும். உலர்நிலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். பட்டுக்கூட்டுச் சந்தை உள்ள மாவட்டத்தில் மல்பெரித் தோட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. இன்னொரு சௌகரியமும் அதில் இருக்கிறது. பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும் என்பதால், எப்போது என்ன அடித்தோம், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற கணக்கு தோட்டக்காரரிடம் இருக்கும். தக்காளித் தோட்டத்து வரப்புப் புல்லுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கடலைக்கொடியும் கொஞ்சமாகக் கொடுக்கலாம், பூஞ்சணம் பூத்ததை மட்டும் தொடவே கூடாது. கடலைப் பிண்ணாக்குக்கும் இதே விதி. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சை முயலின் ஈரல் தாங்காது. கேரட்டு படத்துக்குத்தான் அழகு. எப்போதாவது ஒரு துண்டு போதும்.

கஷ்டமான காலம் சித்திரை, வைகாசி. வெக்கை ஏறுகிறது, பச்சை காய்கிறது, தண்ணீர்ப் பானை சூடாகிறது, முடியும் கொட்டுகிறது. முயலுக்கு வியர்வை கிடையாது. மூச்சு வழியாகவும் காது வழியாகவும்தான் சூட்டை விட வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போனாலே அது திணறத் தொடங்கும், நம் ஊர் மத்தியானமோ 37, 38 தொடும். உடம்பு சூடானால் முதலில் தீனியைக் குறைக்கும்; தீனி குறைந்தால் குடல் அசைவு குறையும்; உள்ளே போன முடி தேங்கும். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். அதனால் வெயில் காலத்துப் பராமரிப்பும் முடிப் பராமரிப்பும் ஒன்றே. தகரக் கூரைக்கடியில் கூண்டு வைக்கக் கூடாது. வேப்பமர நிழல், நனைந்த சாக்குத் திரை, கவிழ்த்துப் பாதியாக உடைத்த மண்பானை, காலை மாலை புதுத் தண்ணீர் போதும். ஈரக்கையால் காதைத் தடவிக் கொடுக்கலாம்.

அவ்வளவு சிரமம் எதற்கு, முடியை ஒட்ட வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினால் முடிந்ததே என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முயலின் தோல் காகிதம்போல மெல்லியது. கத்தரிக்கோல் நுனி பட்டாலே கிழியும். அங்கோரா போன்ற நீள்முடி வகைக்கு வெட்டு தேவை, பழகின கை செய்ய வேண்டும். குட்டை முடி முயலை முண்டிதம் செய்தால் வெயில் நேராகத் தோலில் விழும். குளியலோ இன்னும் மோசம். நனைந்த அடிமுடி எளிதில் உலராது, பயத்தில் உதைத்துத் துள்ளித் தன் முதுகெலும்பையே முறித்துக்கொண்ட முயல்கள் உண்டு. ஈரக்கையால் வாரி, அகலப் பல் சீப்பால் மெதுவாகச் சீவினால் ஒரு பிடி முடி கையோடு வந்துவிடும். அந்த அளவுக்கு முயலின் வயிற்றுக்குப் போவது மிச்சம்.

மூச்சிரைப்புப் பயத்தை வெறும் பயம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. முயலால் ஒவ்வாமை வருவது உண்மை. ஆனால் அதற்குக் காரணமான புரதம் எச்சிலிலும் சிறுநீரிலும் தோல் பொடுகிலும் இருக்கிறது. முடி அதைச் சுமந்து செல்லும் வண்டி. முடி கொட்டாத மாதத்திலும் அது வீட்டில் இருக்கத்தான் செய்யும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்து, முயலோடு அரைநாள் இருந்தாலே இளைப்பு வருகிறதென்றால் அந்த வீட்டுக்கு முயல் ஆகாது. வேறு வீடு பார்ப்பதே சரி. அந்தக் கேள்வியைத் தூக்கி வந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து முடி கொட்டும்போது கேட்டால் முயல் திரும்பவும் வேலியோரம்தான் போகும்.

பெரிய மறுப்பு ஒன்று பாக்கி. பக்கத்திலேயே காடு இருக்கிறது, ஒகேனக்கல் வரை காப்புக்காடு, அங்கே விட்டால் சுதந்திரமாகப் பிழைத்துப் போகட்டும் என்பது. இதில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும், இரண்டும் நல்லதில்லை. வெள்ளை முயல் பழுப்புத் தரையில் ஒளிய முடியாது. நரி, காட்டுப்பூனை, தெருநாய் எதற்கும் முதல் இரையாகும். அதோடு தன் உடம்பிலுள்ள உண்ணியையும் நோயையும் காட்டுக்குள் கொண்டுபோகும். தப்பிப் பிழைத்துப் பெருகினால் என்னாகும் என்பதற்கு ஆஸ்திரேலியா இருக்கிறது. 1859-ல் விக்டோரியா மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைக்கென்று இரண்டு டஜன் முயல்களைத் திறந்துவிட்டார். கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தன, 1950-ல் மிக்சோமாட்டோசிஸ் வைரஸைப் பரப்பித்தான் ஓரளவு குறைத்தார்கள். அதே வைரஸும் பின்னால் வந்த ரத்தக்கசிவு நோயும் ஐரோப்பாவுக்கும் பரவி, தாயகமான ஐபீரியாவிலேயே காட்டு நிலையில் வாழும் இந்த முயல் இன்று அழியும் அபாயப் பட்டியலில் நிற்கிறது. போகக் கூடாத இடத்தில் பெருகவும், இருக்க வேண்டிய இடத்தில் அருகவும் செய்த விலங்கு இது. காட்டில் விடுவதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறைச்சிக்கென்று வளர்க்கிற பிராணிக்கு இத்தனை உபசாரமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முயல் பண்ணை ஒரு தொழில். ஒழுங்காக நடத்துகிற பண்ணையாளர் முடி, தோல், புழுக்கை மூன்றையும் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார், இல்லாவிட்டால் நட்டம். சந்தை சரிந்ததும் கூண்டைத் திறந்துவிடுகிற பண்ணையாளரோடுதான் சண்டை. 2012-ல் ஈமு வியாபாரம் கவிழ்ந்தபோது கொங்கு மண்டலத்துப் பண்ணைகளில் பறவைகள் தீவனமின்றி நின்றதையும், அரசு தீவனம் போட நேர்ந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெருமுயலைப் பிடித்துக் குழம்பு வைக்கலாமே என்பவர்களுக்கு ஒரே ஒரு தகவல்: அதற்கு யார் எந்த மருந்தைக் கடைசியாகப் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும் வரிசையில் நிற்கும்போது முயலைக் கூடையில் கொண்டுபோகக் கூச்சப்படுகிறார்கள் சிலர். கூச்சப்பட வேண்டாம், போகும்போது அன்றைய புழுக்கையை ஒரு தாளில் மடித்து எடுத்துப் போனால் மருத்துவரின் பாதி வேலை குறையும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு அழைக்க வேண்டிய எண் 1962. நன்றாகப் பார்த்துக்கொண்டால் கூண்டு முயல் எட்டு முதல் பத்து ஆண்டு உயிரோடு இருக்கும். பிள்ளை கேட்டது என்று சந்தையில் ஜோடி வாங்கப் போகிறவர்கள், இந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு, எது ஆண், எது பெண் என்று வாலைத் தூக்கிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள். காட்டத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.